பத்து ரூபாய்ப் பொங்கலும் ஏழேகால் பஸ்ஸும்

தமிழ்நாட்டில் ஒரு பிள்ளைக்கு அரசு போடுகிற சோறு பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான், சத்துணவு பத்தாவது வரைக்கும். அதற்கப்புறம் பிளஸ் ஒன், பிளஸ் டூ, பிறகு மூன்று வருடக் கல்லூரி. இந்த ஐந்து வருடமும் அந்தப் பிள்ளை காலையில் என்ன சாப்பிட்டது, மத்தியானம் என்ன சாப்பிட்டது என்று கேட்கிற வேலை யாருக்கும் கிடையாது. அரசு விடுதியில் இடம் கிடைத்தவர்களுக்கு மூன்று வேளையும் தட்டு உண்டு. தினமும் வீட்டிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்களுக்கு எதுவும் இல்லை. எங்களைப் போன்ற அரசு கலைக் கல்லூரிகளுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அப்படி பஸ்ஸில் வருகிறவர்கள்தான்.

இத்தனைக்கும் இது சோறு போட்டுப் படிக்க வைத்த மாநிலம். 1920இல் நீதிக்கட்சிக் காலத்தில் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஆரம்பித்தது, 1956இல் காமராசர் மதிய உணவை மாநிலம் முழுக்கக் கொண்டுபோனார், 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரிவாக்கினார், 1989இல் கலைஞர் ஆட்சியில் தட்டில் முட்டை வந்தது, 2022 செப்டம்பரில் மு.க. ஸ்டாலின் மதுரையில் காலை உணவைத் தொடங்கிவைத்தார். கட்சி மாறினாலும் தட்டை யாரும் பிடுங்கவில்லை, ஆளுக்கு ஒன்று சேர்த்துக்கொண்டுதான் போனார்கள். அதனால்தான் கேட்கத் தோன்றுகிறது, பதினைந்து வயதோடு பசி நின்றுவிடுமா என்று.

நான் வட மாவட்டம் ஒன்றில், சின்ன ஊரில், அரசு கலை அறிவியல் கல்லூரியில் பொருளியல் நடத்துகிறேன். நாங்கள் சில ஆசிரியர்களும் பக்கத்து ஊர் மகளிர் சுயஉதவிக் குழு ஒன்றும் சேர்ந்து கல்லூரிக்குள் காலையில் பத்து ரூபாய்க்கு டிபன் கொடுக்கிற ஏற்பாட்டை நடத்திவருகிறோம். எப்படி ஆரம்பித்தீர்கள், பணம் எங்கிருந்து, யார் சமைக்கிறார்கள் என்று வேறு கல்லூரி நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி முடியவில்லை, அதனால் முழுதாக எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

வகுப்பறையில் பசி எப்படித் தெரியும் என்று முதலில் சொல்கிறேன். முதல் பீரியட் முடிந்து அடுத்த ஆசிரியர் உள்ளே வருவதற்குள் ஐந்து நிமிடம் கிடைக்கும் இல்லையா, அந்த நேரத்தில் கடைசி இரண்டு பெஞ்சில் டப்பா திறக்கிற சத்தம் கேட்கும். மத்தியானத்துக்கென்று கட்டிக்கொண்டுவந்த சாதம். ஒரு டப்பாவுக்கு மூன்று பேர், நாலு பேர், மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு, குனிந்து, வேகவேகமாக. பத்தரை மணிக்கு டப்பா காலி. மதியம் ஒரு மணிக்கு அதே பிள்ளைகள் ஆர்.ஓ. குழாயில் தண்ணீர் பிடித்துக் குடித்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்திருக்கும். "சாப்பிடலையா?" என்றால் "சாப்டாச்சு மேடம்" என்பார்கள். பொய்யில்லை. பத்தரைக்குச் சாப்பிட்டாயிற்று.

நாங்கள் எடுத்த கணக்கெடுப்பில் "காலையில் சாப்பிட்டீர்களா?" என்ற கேள்வியை வைக்கவே இல்லை. கேட்டால் எல்லாரும் சாப்பிட்டேன் என்றுதான் எழுதுவார்கள். எங்கள் வீட்டில் காலையில் அடுப்பு எரியாது என்று தாளில் எழுதி ஆசிரியரிடம் நீட்டப் பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு மனசு வருமா? அதனால் மூன்றே கேள்வி. உங்கள் ஊரில் எத்தனை மணி பஸ்ஸில் ஏறுகிறீர்கள், கல்லூரி வாசலில் எத்தனை மணிக்கு இறங்குகிறீர்கள், சாயங்காலம் வீடு போய்ச் சேர எத்தனை மணி. பெயர் வேண்டாம், ஊர்ப் பெயர் போதும்.

அந்தத் தாள்களை ஊர் வாரியாக அடுக்கியபோதுதான் விஷயம் பிடிபட்டது. பெரும்பாலான கிராமங்களுக்குக் காலையில் ஒரே டவுன் பஸ். ஏழு, ஏழேகாலுக்கு வந்து போய்விடும். அடுத்தது ஒன்பதரைக்கு மேல்; அதில் வந்தால் முதல் இரண்டு பீரியட் போச்சு. ஏழேகால் பஸ்ஸில் இடம் கிடைக்க ஆறே முக்காலுக்கே ரோட்டுக்கு வந்து நிற்க வேண்டும். அந்நேரம் வீட்டில் உலை கொதித்துக்கொண்டிருக்கும், அம்மா களை எடுக்கவோ சித்தாள் வேலைக்கோ கிளம்பிக்கொண்டிருப்பார். ரேஷனில் விலையில்லாமல் வரும் அரிசி வீட்டில் இருக்கிறது; அதை வடித்து, ஆறவைத்து, உட்கார்ந்து சாப்பிட நேரம் கிடையாது. சாயங்காலம் வீடு திரும்ப ஆறரை ஏழு. ஆக, நேற்று ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்ட பிள்ளை மறுபடி ஒழுங்காக உட்கார்ந்து சாப்பிடுவது இன்று ராத்திரிதான். நடுவில் இருப்பதெல்லாம் அந்தப் பங்கு போட்ட டப்பா.

பணமும் ஒரு காரணம், அதை மறைக்க வேண்டியதில்லை. வாசலுக்கு எதிரே டீக்கடையில் ஒரு டீயும் இரண்டு போண்டாவும் சாப்பிட்டால் முப்பது ரூபாய் ஆகிவிடுகிறது, மாதம் இருபது நாளுக்கு அறுநூறு. ஆனால் அந்த டீக்கடையில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அங்கே நிற்பதெல்லாம் பையன்கள். ஒரு பையன் இருபது ரூபாய் கடன் சொல்லியாவது ஏதாவது வாயில் போட்டுக்கொள்வான். பெண் பிள்ளைகள் சாலையைத் தாண்டி அந்தக் கடையில் நின்று சாப்பிட மாட்டார்கள், நின்றால் ஊருக்குச் செய்தி போய்விடும். எங்கள் கல்லூரியில் பாதிக்கு மேல் பெண்கள். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை என்று வந்தது. காலையில் வராண்டாவில் தலைசுற்றி உட்காருகிற பிள்ளையைப் பார்த்துப் பார்த்து, "ராத்திரி போன் பார்த்திருப்பா" என்று சொல்கிற சக ஆசிரியர்களிடம் நான் சண்டை போட்டிருக்கிறேன், இன்னும் போடுவேன்.

புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறதே என்பார்கள். 2022 முதல் பெண்களுக்கு, 2024இலிருந்து தமிழ்ப் புதல்வன் என்று பையன்களுக்கும் வருகிறது. நல்ல திட்டம், அதனால் படிப்பை விடாமல் இருக்கிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஆயிரம் தேர்வுக் கட்டணத்துக்கும் ரீசார்ஜுக்கும் பல வீடுகளில் குழுக்கடன் தவணைக்கும் போகிறது. பணத்தைக் கையில் கொடுத்தால் காலைச் சாப்பாடு கடைசியில்தான் நிற்கும். தன் வயிற்றுக்கென்று காசை எடுத்து வைக்க இந்த வீடுகளில் பெண் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. கல்லூரிக்குள்ளேயே, அவர்கள் பஸ் இறங்குகிற நேரத்துக்கு, சூடாக ஒரு தட்டு இருந்தாக வேண்டும்.

சரி, ஏற்பாட்டுக்கு வருகிறேன்.

பஸ்கள் வரும் நேரத்தை வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் முடிவு செய்தோம். எட்டே முக்காலிலிருந்து ஒன்பதே காலுக்குள் நாலைந்து பஸ் வந்து கொட்டும். ஒன்பதரைக்கு மணி அடித்துவிடும். நூற்றைம்பது பேர் அரை மணி நேரத்தில் வாங்க வேண்டும் என்றால் நிமிடத்துக்கு ஐந்து தட்டு. இந்தக் கணக்கைப் போட்டவுடனேயே தோசை போச்சு, பூரி போச்சு. இட்லி எல்லாருக்கும் பிடிக்கும், ஆனால் முந்தின நாளே அரைத்து, புளிக்கவைத்து, ஈடு ஈடாக ஊற்றி எடுக்க ஆளும் பாத்திரமும் வேண்டும். அண்டாவில் ஒரே தடவை கிண்டி இறக்கி, கரண்டியால் அள்ளிப் போடுகிற சாப்பாடுதான் இந்த வேகத்துக்கு நிற்கும். அப்படித்தான் பொங்கல் வந்தது. வாரத்தில் இரண்டு நாள் பொங்கல் சாம்பார், ஒரு நாள் காய்கறி போட்ட ரவா கிச்சடி, ஒரு நாள் சேமியா, ஒரு நாள் தக்காளி சாதமும் கறுப்புக் கொண்டைக்கடலைச் சுண்டலும். வாரம் ஒரு முட்டை. உப்புமா வேண்டவே வேண்டாம் என்று மாணவர்கள் ஒரே குரலில் சொன்னார்கள், அதை மதித்தோம்.

எந்த இடத்தில் வைப்பது என்பதில்தான் அதிகம் விவாதித்தோம். பின்பக்கம் பழைய சைக்கிள் ஷெட் காலியாகக் கிடந்தது, அங்கே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அங்கே வைத்திருந்தால் அது இல்லாதவர்கள் போகிற இடமாகியிருக்கும், யார் அந்தப் பக்கம் திரும்புகிறார்கள் என்று நாலு பேர் பார்ப்பார்கள். வாசலிலிருந்து வகுப்புக்குப் போகிற நடுவழியில், நூலகத்தை ஒட்டி, புங்கமரத்தடியில் வைத்தோம். எல்லாரும் அந்த வழியாகத்தான் போக வேண்டும். ஆசிரியர்களும் அங்கேயே, அதே வரிசையில் நின்று, அதே பத்து ரூபாய் கொடுத்துச் சாப்பிட வேண்டும் என்று பேசி வைத்தோம். கௌரவ விரிவுரையாளர்கள் பலர் இப்போது தினமும் அங்குதான் சாப்பிடுகிறார்கள். அவர்களும் தூர ஊர்களிலிருந்து அதே பஸ்ஸில் வருகிறவர்கள்.

சாப்பாடு கொடுக்கிற ஜன்னல் இரண்டாக இருப்பது குழுத் தலைவியின் யோசனை. வேலை தொடங்குமுன் இடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஒரே ஜன்னல் வெச்சா பசங்க முண்டி அடிச்சுக்கிட்டு நிப்பானுங்க மேடம், பொம்பளப் புள்ளைங்க தூரமா நின்னுட்டு அப்படியே கிளாசுக்குப் போயிடும். ரெண்டு பக்கம் வையுங்க" என்றார். வைத்தோம். அவர் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் நாங்கள் யாருக்காக முக்கியமாக ஆரம்பித்தோமோ அவர்களில் பாதிப் பேர் வந்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். முண்டியடித்து வாங்கத் தெரியாதவர்களை மனதில் வைத்துத்தான் இப்படி ஒரு இடத்தைக் கட்ட வேண்டும். முண்டத் தெரிந்தவர்கள் எப்படியும் வாங்கிக்கொள்வார்கள்.

அப்புறம் குழாய். காகிதத் தட்டு வேண்டாம், எவர்சில்வர் தட்டு, அவரவர் தட்டை அவரவர் கழுவி வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. சாப்பாட்டு வரிசை ஐந்து நிமிடத்தில் நகர்ந்தாலும் தட்டுக் கழுவுகிற இடத்தில் கூட்டம் நின்றுவிட்டால் கடைசிப் பஸ்ஸில் வந்தவர்களுக்கு வகுப்பு தாமதமாகும், இரண்டு நாள் தாமதமானால் மூன்றாம் நாள் அந்தப் பக்கமே வர மாட்டார்கள். அதனால் ஒரு நீளக் குழாயில் வரிசையாக ஆறு பைப் வைத்துத் தொட்டி கட்டினோம். முதல் செலவில் பெரிய செலவு அதுதான். அடுப்பைவிடக் குழாய்க்குக் கூடுதலாகச் செலவு செய்யுங்கள் என்றுதான் கேட்கிறவர்களிடம் சொல்கிறேன்.

இனி விலை. இலவசமாகவே கொடுக்கலாமே என்று ஒரு தரப்பு, இருபது ரூபாயாவது வையுங்கள் என்று ஒரு தரப்பு. முதலில் எங்கள் அடக்க விலையைச் சொல்லிவிடுகிறேன். நூற்றைம்பது தட்டுப் பொங்கலுக்குப் பத்துக் கிலோ பச்சரிசி, இரண்டரைக் கிலோ பாசிப்பருப்பு. சாம்பாருக்கு இரண்டு கிலோ துவரம்பருப்பு, காய், புளி, தூள். எண்ணெய், கொஞ்சம் நெய், மிளகு, சீரகம், இஞ்சி. கடைகளுக்குக் கொடுக்கிற வணிக சிலிண்டரைத்தான் வாங்க வேண்டும், வீட்டு சிலிண்டரை இதற்கு வைப்பது சட்டப்படி குற்றம். எல்லாம் சேர்ந்து தட்டுக்குப் பதினாலு ரூபாய் அளவில் வருகிறது. விடியற்காலை ஐந்து மணியிலிருந்து பத்து மணி வரைக்கும் மூன்று பெண்கள் வேலை செய்கிறார்கள், அவர்களுக்கு ஆளுக்கு முந்நூறு ரூபாய், அது தட்டுக்கு ஆறு ரூபாய். மொத்தம் இருபது. பாதியை மாணவர் தருகிறார், பாதியை நாங்கள் திரட்டுகிறோம். சமைக்கிறவர்களின் கூலியில் கைவைத்து விலையைக் குறைக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். ஒரு பெண்ணின் பிள்ளை சாப்பிட இன்னொரு பெண் வயிற்றில் அடிக்கிற ஏற்பாடு வேண்டாம் என்று அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிட்டோம்.

பத்து ரூபாய் என்பது கொடுத்துச் சாப்பிடுகிறேன் என்று சொல்லிக்கொள்ளப் போதுமான தொகை. ஆனால் அந்தப் பத்தும் இல்லாத நாள் எல்லா வீட்டிலும் வரும். இதற்குத்தான் அட்டை. இருபது கட்டம் போட்ட அட்டை, எல்லாருக்கும் ஒரே நிறம், ஜன்னலில் ஒரு கட்டத்தில் துளை போடுவார்கள், அவ்வளவுதான். அட்டை நூலகத்தில் கிடைக்கும். அங்கே ஒரு நோட்டு இருக்கும், எவ்வளவு கட்டுகிறோம் என்பதை அட்டை வாங்குகிறவரே எழுதி, பணத்தைப் பக்கத்தில் இருக்கும் பெட்டியில் போட வேண்டும். இருநூறு எழுதலாம், ஐம்பது எழுதலாம், பூஜ்யமும் எழுதலாம். நூலகர் நோட்டைத் திருப்பிப் பார்க்க மாட்டார், ஜன்னலில் இருப்பவருக்கு எந்த அட்டைக்கு எவ்வளவு வந்தது என்றே தெரியாது. வருமானச் சான்று, சாதிச் சான்று, ஆதார் நகல் எதுவும் கேட்பதில்லை.

"ஏமாற்றுவார்களே மேடம்" என்று கேட்காத ஆள் இல்லை. பெரும்பாலானவர்கள் முழுத் தொகையையே எழுதுகிறார்கள். சிலர் ஒரு மாதம் பூஜ்யம் எழுதிவிட்டு அடுத்த மாதம் நானூறு எழுதுகிறார்கள். வசதி உள்ள ஒரு பையன் பூஜ்யம் எழுதிச் சாப்பிட்டான் என்றே வைத்துக்கொள்வோம், நமக்கு மாதம் நானூறு ரூபாய் நஷ்டம், அவன் காசும் சேர்த்து. அவனைப் பிடிக்க ஒரு சோதனை வைத்தால் அந்தச் சோதனையில் முதலில் கழன்றுகொள்வது உண்மையிலேயே பசியோடு இருக்கிற, வாய் திறந்து கேட்கத் தெரியாத பிள்ளை. அந்த நஷ்டத்தைக் கணக்கில் எழுத முடியாது.

கேரளத்தில் கோழிக்கோட்டில் 2015இல் மாவட்ட நிர்வாகமும் ஓட்டல்காரர்கள் சங்கமும் சேர்ந்து 'ஆபரேஷன் சுலைமானி' என்று ஒன்று நடத்தினார்கள். கூப்பனை வாங்கிக்கொண்டு திட்டத்தில் சேர்ந்த எந்த ஓட்டலிலும் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடலாம், யார் நீ என்று கேட்க மாட்டார்கள். எங்கள் அட்டைக்கு அதுதான் முன்மாதிரி. கேட்காமல் கொடுப்பது பைத்தியக்காரத்தனம் என்று சொல்கிறவர்களிடம் நான் கோழிக்கோட்டைத்தான் காட்டுவேன்.

சமைப்பவர்கள் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குழுவில் எல்லாச் சமூகப் பெண்களும் இருக்கிறார்கள், அண்டாவுக்கு முன்னால் நிற்கிற முதல் ஆள் பட்டியல் சமூகத்துப் பெண். "ஏதாவது பிரச்சினை வருமே, அவங்களைக் காய் நறுக்க வெச்சுக்கலாமே" என்று நல்ல மனசோடுதான் ஒருவர் சொன்னார். 2023இல் காலை உணவுத் திட்டத்தில் பட்டியல் சமூகப் பெண் சமைத்தார் என்பதற்காகக் கரூர் மாவட்டத்திலும் தூத்துக்குடி மாவட்டத்திலும் பெற்றோர் பிள்ளைகளைச் சாப்பிட விடாமல் தடுத்ததை நாம் எல்லாரும் செய்தியில் படித்தோம். அதைப் படித்த பிறகும் ஒரு கல்லூரிக்குள்ளே, நாங்களே முன்கூட்டி அந்த அம்மாவை அடுப்பை விட்டுத் தள்ளி நிறுத்தினால் நாங்கள் நடத்துகிற பாடத்துக்கு என்ன அர்த்தம்? அவர்தான் பொங்கல் கிண்டுகிறார். பருப்பை லேசாக வறுத்துப் போட்டு, அரிசி குழைந்து வருகிற நேரத்தில் அண்டாவைச் சாய்த்துப் பிடித்து மரத்துடுப்பால் ஒரு சுற்று சுற்றுவார், அடி பிடிக்கவே பிடிக்காது. மிளகு நெய்யில் பொரிகிற வாசம் வாசல் வரைக்கும் வரும். "அக்கா, இன்னும் ஒரு கரண்டி" என்று தட்டை நீட்டுகிற பிள்ளைகள் யாரும் அவரிடம் ஊர் கேட்டதில்லை. இன்னொரு கரண்டிக்குக் காசு கிடையாது, கேட்டால் போட்டாக வேண்டும்.

பணத்துக்கு வருவோம். ஒரு நாளைக்கு ஆயிரத்தைந்நூறு துண்டு விழுகிறது. கல்லூரி வேலைநாள் வருடத்துக்கு 180, ஆக 2 லட்சத்து 70 ஆயிரம். இதில் ஆசிரியர்கள் மாதா மாதம் கொடுப்பது ஒரு பகுதி, முன்னாள் மாணவர்கள் அனுப்புவது ஒரு பகுதி, அரிசி ஆலை வைத்திருக்கும் ஒருவர் மூட்டையாகத் தருவது ஒரு பகுதி. எந்தப் பணமும் எந்த ஆசிரியர் கைக்கும் வராது. பெற்றோர் ஆசிரியர் கழகக் கணக்குக்கு வந்து அங்கிருந்து குழுவின் வங்கிக் கணக்குக்குப் போகும், மாதக் கடைசியில் வரவு செலவு நூலக அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். உணவுப் பாதுகாப்புத் துறையில் குழுவின் பெயரில் பதிவுச் சான்று வாங்கி ஜன்னலுக்கு மேல் மாட்டியிருக்கிறோம், அதற்கு நாங்கள் கட்டியது ஆண்டுக்கு நூறு ரூபாய்தான். இதையெல்லாம் ஆரம்பிக்கும் முன்பே செய்துவிட வேண்டும். ஒரு நாள் ஒருவருக்கு வயிறு சரியில்லை என்றால்கூட மொத்தத்தையும் இழுத்து மூடக் காத்திருப்பவர்கள் எல்லா இடத்திலும் உண்டு.

மதியம் கேன்டீன் எடுத்து நடத்துகிறவர் முதலில் முகம் சுளித்தார். கேன்டீன் ஏலத்தில் போகிற இடம், அவர் வாடகை கட்டுகிறார், பத்து ரூபாய்க்கு டிபன் போட்டால் அவருக்கு யார் வருவார்கள்? அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. காலை மட்டும் நாங்கள், டீ காபி முழுக்க அவர் என்று பேசி முடித்தோம். பொங்கல் சாப்பிட்டவர்கள் நேரே அவரிடம் டீக்குப் போகிறார்கள்.

ஆலைக்காரர் விஷயமும் சொல்கிறேன், ஏனென்றால் இது எல்லா இடத்திலும் வரும். அவர் நல்ல மனிதர், முதல் மூட்டைகளை இறக்கிவிட்டு, மகள் பிறந்தநாளுக்கு ஒரு பேனர் வைத்து, தான் பரிமாறுவதைப் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். "வந்து பரிமாறுங்க அண்ணே, பேனரும் போட்டோவும் மட்டும் வேணாம்" என்றேன். முகம் மாறிவிட்டது. "நான் என்ன எனக்காகவா கேக்குறேன், பாத்து நாலு பேர் குடுப்பாங்கல்ல" என்றார். அந்தப் படம் இருபது குரூப்பில் போகும், தட்டோடு நிற்கிற பெண்ணின் ஊருக்கும் போகும், காசு கொடுத்துச் சாப்பிட்ட பிள்ளை தானம் வாங்கிய பிள்ளையாகிவிடும், மறுநாள் அவள் வர மாட்டாள் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறந்தநாள் அன்றைக்கு மகளோடு வந்து, போனைக் காரிலேயே வைத்துவிட்டு, சாம்பார் வாளி பிடித்தார். அதற்கப்புறம் அவர் மூட்டை நின்றதே இல்லை.

வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள் என்றும் தேடிப் படித்தேன், உபயோகமாக இருந்தது. அமெரிக்காவில் 1993இலேயே மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மாணவர்களே உணவு வங்கி ஆரம்பித்தார்கள், இன்றைக்கு நூற்றுக்கணக்கான கல்லூரிகளில் அப்படி ஓர் அறை இருக்கிறது. அங்கே போய் டப்பாவில் அடைத்ததும் அரிசி பருப்பும் வாங்கிக்கொள்ளலாம். மேல்படிப்புக்குப் போன நம் பிள்ளைகளும் அதில் வாங்குகிறார்கள். ஆனாலும் 2020 கணக்குப்படி அந்நாட்டுக் கல்லூரி மாணவர்களில் 38 லட்சம் பேருக்கு ஒழுங்கான சாப்பாட்டுக்கு உத்தரவாதம் இல்லை என்று அவர்களுடைய அரசுத் தணிக்கை அலுவலகமே சொல்கிறது. அரசின் உணவு உதவி மாணவருக்குக் கிடைக்கப் பொதுவாக வாரம் இருபது மணி நேரம் வேலை பார்த்திருக்க வேண்டும் என்று ஒரு விதி. படிக்கிற பிள்ளை பசியை நிரூபிக்க வேலைக்குப் போக வேண்டும் என்பது எனக்கு ஏற்பாகவே இல்லை.

தென்கொரியாவில் செய்வதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. 'ஆயிரம் வொன் காலை உணவு' என்று பெயர். பல்கலைக்கழக உணவகத்தில் மாணவர் ஆயிரம் வொன் கொடுத்தால் போதும், நம் பணத்தில் அறுபது ரூபாய் சொச்சம், அந்த ஊர் விலைவாசிக்கு அது மிகக் குறைவு. அரசு ஒரு பங்கு, பல்கலைக்கழகம் மீதி. 2017இலிருந்து அரசு இதற்குப் பணம் தருகிறது. தருவது கல்வி அமைச்சகம்கூட இல்லை, வேளாண் அமைச்சகம், ஏனென்றால் இளைஞர்கள் அரிசிச் சோற்றை விட்டு விலகுகிறார்களே என்ற கவலை அவர்களுக்கு. நெல் கொள்முதல் செய்து குடோனில் அடுக்கி வைக்கிற நம் அரசுக்கு இது ஏன் தோன்றக்கூடாது? பிரான்சில் 2025இல் பல்கலைக்கழக உணவகங்களில் உதவித்தொகை பெறும் மாணவர் ஒரு யூரோ, மற்றவர் மூன்று யூரோ முப்பது கொடுத்தார்கள், ஆனால் ஒரே வரிசை, ஒரே தட்டு.

நம்மிடம் இதற்கு வேண்டியதெல்லாம் கைவசம் இருக்கிறது. 2013இல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகம் ஒரு ரூபாய் இட்லியையும் ஐந்து ரூபாய்ப் பொங்கலையும் மகளிர் குழுக்களை வைத்தே நடத்திக் காட்டியது. கிராமத்துப் பள்ளிகளில் விடிகாலையில் அடுப்பு மூட்டுகிறதும் குழுப் பெண்கள்தான். ஒரு கல்லூரிக்கு 500 தட்டு, தட்டுக்குப் பத்து ரூபாய் மானியம், 180 நாள் என்று போட்டால் வருடம் 9 லட்சம். நூற்றைம்பது அரசுக் கல்லூரிகளுக்கு 13 கோடியே 50 லட்சம். மாநில பட்ஜெட்டில் இது கண்ணுக்கே தெரியாத தொகை. உயர்கல்வியில் சேருகிறவர்கள் விகிதம் இந்தியா முழுமைக்கும் 28 சதவீதம் இருந்த 2021-22இல் தமிழ்நாட்டில் 47 சதவீதம் என்று பெருமையோடு சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். அப்படிச் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் வெறும் வயிற்றோடு முதல் பீரியடில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் அதே பெருமையோடு கேட்கத்தான் வேண்டும். துறைக்கு மனு கொடுத்திருக்கிறோம், சட்டமன்ற உறுப்பினரிடமும் பேசியிருக்கிறோம். இதைப் படிக்கிற ஆசிரியர்கள் அவரவர் கல்லூரியிலிருந்தும் எழுதுங்கள்.

ஆரம்பிக்க நினைக்கிறவர்கள் அண்டா விலை விசாரிப்பதற்கு முன்னால் பஸ் நேரங்களை எழுதி வாங்குங்கள். மலைக் கிராமத்துப் பிள்ளைகள் வரும் கல்லூரியாக இருந்தால் நேரமும் தட்டும் வேறு மாதிரி அமையும், ஷிப்ட் முறையில் நடக்கிற கல்லூரியில் மதியம் பன்னிரண்டரைக்குத்தான் கூட்டம் வரும். எங்கள் பட்டியலை அப்படியே எடுத்துப் போட்டால் சரிவராது.

எங்களுக்கு இன்னும் தீராதது சாயங்காலம். பி.எஸ்சி. மாணவர்களுக்கு லேப் முடிய நாலரை ஆகிறது, ஆறு மணிப் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். சுண்டல் போடலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம், தட்டுக்கு ஐந்து ரூபாய். காலையில் வருகிற பெண்களுக்கு மத்தியானம் வேறு வேலை இருக்கிறது, அதனால் குழுவில் இன்னும் இரண்டு பேரைச் சேர்க்க வேண்டும், அவர்களுக்குக் கூலி தட்டுக்கு மூன்று ரூபாயாவது வரும். ஜூனில் கல்லூரி திறப்பதற்குள் அந்தப் பணத்துக்கு வழி பார்த்துக்கொண்டிருக்கிறோம்.